ரயில் இரண்டாகப் பிரியும் ஊர்: லொக்காபர் போகிறவர்களுக்கு

கிரையன்லாரிக் என்ற பெயரை இனி ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து கிளம்பும் மேற்கு ஹைலண்ட் (மேற்கு மலைநாட்டு) ரயில்களில் பல, அந்தச் சின்ன நிலையத்தில் இரண்டாகக் கழற்றப்படும். ஒரு பாதி மேற்கே ஓபன் துறைமுகத்துக்கு. மறு பாதி வடக்கே லொக்காபர் பகுதியின் ஊரான ஃபோர்ட் வில்லியம் வழியாக மல்லெய்குக்கு. நான் போகவேண்டியது ஃபோர்ட் வில்லியம், உட்கார்ந்திருந்தது ஓபன் பாதியில். முந்தின இரவு சரியாகத் தூங்காததால் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே ஏரிக்கரையில் ஓர் இடிந்த கோட்டை. அழகாக இருக்கிறதே என்று நாலைந்து படம் வேறு எடுத்தேன். அது கில்கர்ன் கோட்டை, நான் போகவேண்டிய வழியில் அது வரவே வராது என்று தெரிய இன்னும் கால் மணி நேரம் ஆனது.

அன்று ஞாயிறு. ஓபனிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போக அன்றைக்கு எனக்குப் பேருந்து கிடைக்கவில்லை. இரவு அங்கேயே அறை எடுத்தேன், 110 பவுண்டு. ஃபோர்ட் வில்லியத்தில் பதிவு செய்திருந்த அறையின் 92 பவுண்டு திரும்பி வராது. மறுநாள் பேருந்துக்கு 14. ஐந்து நாள் பயணத்தில் ஒன்றரை நாள் போயிற்று. தனியாகப் போனதால் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. குற்றம் முழுக்க என்னுடையதுதான். அறிவிப்பு செய்திருப்பார்கள், நான்தான் கேட்கவில்லை. ஆகவே முதல் பாடம்: நடைமேடையில் வண்டி நிற்கும்போதே பெட்டியின் மின்பலகையைப் பாருங்கள், எந்த ஊர் என்று அதிலேயே ஓடும். இருக்கை முன்பதிவு செய்திருந்தால் பெட்டி எண்ணோடு வரும், அதில்தான் ஏற வேண்டும். காலியாக இருக்கிறதே என்று அடுத்த பெட்டிக்கு நகராதீர்கள். சந்தேகம் இருந்தால் கிரையன்லாரிக்கிலேயே இறங்கி நடத்துநரிடம் கேட்கலாம், வண்டி அங்கே சில நிமிடம் நிற்கும். ஃபோர்ட் வில்லியத்துக்கு ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஞாயிறு இன்னும் குறைவு. ஒன்றை விட்டால் நாளே போய்விடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ரயில் க்ளென்கோ வழியாகப் போவதில்லை. லொக்காபர் என்றதும் எல்லோர் மனத்திலும் வரும் அந்த மலைப் பள்ளத்தாக்கில் ரயில் நிலையமே கிடையாது. தண்டவாளம் கிழக்கே விலகி ரானக் சதுப்புநிலத்தைக் கடக்கிறது. அந்தச் சேற்றில் கட்டுமானம் தாங்காமல், சுள்ளிக் கட்டுகளையும் மரவேர்களையும் மண்ணையும் சாம்பலையும் ஆயிரக்கணக்கான டன் கொட்டி, அதன்மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டிருக்கிறார்கள். 1894-இல் திறந்த பாதை. கடல்மட்டத்திலிருந்து 408 மீட்டரில் கோரூர் நிலையம் வரும். பொதுச்சாலையே எட்டாத நிலையம் அது. க்ளென்கோ பார்க்க வேண்டுமென்றால் கிளாஸ்கோ புகனன் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்துதான் சரி, ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஒரு வழி பேருந்து, மறு வழி ரயில் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் பார்த்தாயிற்று.

பெயர் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஏரிக்கும் கடற்கழிக்கும் அங்கே ஒரே சொல், loch. அதன் கடைசி ஒலி நம்முடைய 'எஃகு'வில் வரும் ஆய்தத்துக்கு மிக நெருக்கம். தமிழருக்கு அது வரும், இங்கிலாந்துக்காரருக்குத்தான் வராது. வெறும் 'லாக்' என்று சொன்னால் கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டியைக் கேட்கிறோம் என்று நினைப்பார்கள். அதுவும் அந்த ஊரில் இருப்பதால் குழப்பம் உண்மையிலேயே நடக்கும். நான் எழுத்து வசதிக்கு 'லோக்' என்றே எழுதுகிறேன்.

ஃபோர்ட் வில்லியத்தில் இறங்கினால் முதல் ஏமாற்றம்: கோட்டையைக் காணோம். ஊர்ப் பெயரிலேயே கோட்டை இருக்கிறது, ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பல்பொருள் அங்காடியும் வாகன நெரிசலும்தான். கோட்டை அங்கேதான் இருந்தது. 1654-இல் இங்கிலாந்து ஆட்சியாளர் கிராம்வெல்லின் தளபதி மங்க் மண்ணாலும் மரத்தாலும் கட்டினார். 1690-இல் தளபதி மெக்கே அதைக் கல்லால் எடுத்துக்கட்டி, மன்னர் மூன்றாம் வில்லியத்தின் பெயரை வைத்தார். 1746 வசந்தத்தில் ஜாக்கோபைட்டுகள், அதாவது நாடு கடந்திருந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் ஆதரவாளர்கள், முற்றுகையிட்டும் அது விழவில்லை. விழுத்தியது ரயில்தான். 1890-களில் ரயில் வந்தபோது பெரும்பகுதியை இடித்தார்கள். லோக் லின்னி கரையோரம் கொஞ்சம் மதில் மிச்சம். கோட்டை வாசலின் வளைவு ஊருக்குள் கிரேக்ஸ் இடுகாட்டின் நுழைவாயிலாக நிற்கிறது. அதை யாரும் காட்டித் தரமாட்டார்கள், தேடித்தான் போகவேண்டும். கேலிக் மொழியில் ஊருக்கு இன்றும் பெயர் 'அன் கெரஸ்தன்', படைமுகாம் என்று பொருள். யாருடைய படை என்று உள்ளூர்க்காரர் விளக்கவேண்டியதில்லை.

அதனால் முதல் மணி நேரத்தைக் கோட்டை தேடிச் செலவழிக்காமல் கேமரன் சதுக்கத்தில் உள்ள மேற்கு ஹைலண்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். 1922-இல் தொடங்கியது, நுழைவுக் கட்டணம் இல்லை. திறந்திருக்கும் நாட்கள் பருவத்துக்கு மாறும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளவேண்டும். அங்கே ஒரு பலகை: அதில் வண்ணக் குழம்பைத் துடைத்துவிட்ட மாதிரி அரைவட்டமாக ஒரு தீற்றல். நடுவில் பளபளப்பான உருளையை நிறுத்தினால் அந்த உருளையில் ஒரு முகம் தெரியும், அரியணையை மீட்க 1745-இல் கிளர்ந்தெழுந்த ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் முகம். அவர் படம் வீட்டில் இருந்தாலே ஆபத்து என்றிருந்த காலத்தில் ஆதரவாளர்கள் இப்படி ஒளித்து வைத்து மது அருந்தி வாழ்த்தினார்கள். இதைப் பார்த்துவிட்டுப் போனால் மற்ற இடங்கள் பேசும். பார்க்காமல் போனால் லொக்காபரில் பாதி இடம் வெறும் புல்தரை.

ஊருக்கு வடகிழக்கே நடக்கும் தூரத்தில் பழைய இன்வர்லோகி கோட்டை. இது நிஜமாகவே நிற்கிறது: 13-ஆம் நூற்றாண்டில் காமின் குடும்பம் கட்டிய நான்கு வட்டக் கோபுரங்கள், நடுவில் சதுர முற்றம். இதையொட்டித்தான் 1645 பிப்ரவரி 2 அன்று மன்னர் முதலாம் சார்லஸின் தளபதி மான்ட்ரோஸ், எதிரணியில் நின்ற கேம்பெல் குலப் படையை நொறுக்கினார். போர் நடந்த விதத்தைவிட அவர் வந்த விதம்தான் பெரிது. பெருவழியை விட்டுவிட்டுப் பனி மூடிய மலைகளைச் சுற்றி, இரண்டு நாள்கூட ஆகாமல் ஐம்பது கிலோமீட்டர் போலப் படையை நடத்திக்கொண்டு பென் நெவிஸ் அடிவாரத்தில் விடியற்காலையில் வந்து நின்றார். எதிரணித் தலைவரான ஆர்கைல் கடற்கழியில் தன் கப்பலில் இருந்தபடியே தோல்வியைப் பார்த்துவிட்டுப் பாய் விரித்துப் போனார். அந்தப் போரைக் கேலிக்கில் பாடிய கவிஞர் ஐயன் லோம், கெப்போக் மெக்டொனால்ட் குலத்தவர். மாற்றார் குலத்தின் பிணங்களை எண்ணிக் களிக்கும் பாட்டு அது. நம் பரணிக்காரர்களுக்கு அவரைப் பிடித்திருக்கும். ராய்பிரிட்ஜுக்குக் கிழக்கே கில்லே கொரில் என்ற மேட்டுக் கோயிலின் இடுகாட்டில் அவருக்கு நினைவுக்கல் உண்டு.

இனி க்ளென்கோ. நான் செய்த இரண்டாவது தவறு இங்கேதான். பேருந்தில் க்ளென்கோ கிராமத்தில் இறங்கினேன். படங்களில் பார்த்த மூன்று சகோதரிகள் மலை எங்கே என்று தேடினால், அது அங்கிருந்து சாலையில் எட்டு ஒன்பது கிலோமீட்டர் மேலே. ஏ82 நெடுஞ்சாலையில் நடைபாதை கிடையாது, லாரிகள் காதை உரசிக்கொண்டு போகும். அரை கிலோமீட்டர் நடந்துவிட்டுப் பயந்து திரும்பினேன். டாக்சிக்கு 45 பவுண்டு. கார் இல்லாதவர்கள் செய்யவேண்டியது இது: கிராமத்திலிருந்து கிளாசெய்க் வழியாகப் போகும் பழைய ஒற்றைத்தடச் சாலையில் நடக்கலாம், வாகனம் குறைவு. அல்லது கிராமத்தையும் தேசிய அறக்கட்டளையின் வரவேற்பு மையத்தையும் மட்டும் அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். மையம் கிராமத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் அளவு. புல்மண் கட்டிகளையும் பின்னிய குச்சிகளையும் கொண்டு 17-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றை அகழாய்வின் அடிப்படையில் அங்கே கட்டிவைத்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது, நடுவில் அடுப்பு. இதில்தான் விருந்தாளிகளைப் படுக்கவைத்தார்கள் என்று தெரிந்தால் மீதிக் கதை வேறு மாதிரி கேட்கும்.

கதை இதுதான். ஹைலண்ட் குலத்தலைவர்கள் 1692 ஜனவரி 1-க்குள் மன்னர் வில்லியத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும் என்று ஆணை. க்ளென்கோ மெக்டொனால்டுகளின் தலைவர் மக்கீயன், வயதானவர், கடைசி நாள்வரை இழுத்தடித்துவிட்டு டிசம்பர் முடிவில் ஃபோர்ட் வில்லியம் கோட்டைக்கு வந்தார். அந்தக் காணாமல்போன கோட்டைதான். அதிகாரி ஜான் ஹில், இதை வாங்கிக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை, இன்வரரியில் உள்ள ஷெரிப்பிடம் போங்கள் என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். இன்வரரி இன்றைய சாலையில் நூறு கிலோமீட்டர் பக்கம். பனி. வழியில் படையினர் ஒரு நாள் பிடித்துவைத்தார்கள். போய்ச் சேர்ந்தால் ஷெரிப் புத்தாண்டு விடுமுறையில். பிரமாணம் நடந்தது ஜனவரி 6. எடின்பரோவில் அதைத் தாமதம் என்று தள்ளிவிட்டார்கள். ஓபன் அறையில் உட்கார்ந்து இதைப் படித்தபோது என் 92 பவுண்டு எரிச்சல் தானாக அடங்கிவிட்டது. தப்பான இடத்துக்குப் போனதன் விலை அவருக்கு உயிர்.

பிப்ரவரி தொடக்கத்தில் ராபர்ட் கேம்பெல் தலைமையில் சுமார் 120 அரசுப் படையினர் வந்து வீடுகளில் தங்கினார்கள். பன்னிரண்டு நாள் போலச் சோறு, சீட்டாட்டம், தீக்காய்தல். பிப்ரவரி 13 விடியுமுன் கொல்லத் தொடங்கினார்கள். 38 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது வழக்கமான கணக்கு. தப்பி மலையேறிப் பனியில் இறந்தவர்கள் அதற்கு வெளியே. மக்கீயன் படுக்கையிலிருந்து எழுந்து உடை மாட்டிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். 1695 விசாரணை இதை 'நம்பிக்கையின்கீழ் கொலை' என்றது; ஸ்காட்லாந்துச் சட்டத்தில் சாதாரணக் கொலையைவிடக் கொடிய குற்றம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்களுக்கு அந்தப் பிரிவு ஏன் இருந்தது என்று விளக்கம் தேவைப்படாது. திட்டத்தின் பின்னால் இருந்த அமைச்சர் ஜான் டால்ரிம்பிள் பதவி விலகினார், அவ்வளவுதான். கேம்பெல் குலப் பகை என்று இதைச் சுருக்கிச் சொல்வது சுற்றுலா வழக்கம். 'கேம்பெல்களுக்கு அனுமதி இல்லை' என்று பழைய விடுதி ஒன்றில் பலகைகூட இருக்கிறது, ஆளாளுக்குப் படம் எடுக்கிறார்கள். உத்தரவு அரசாங்கத்தின் உத்தரவு. பகையை மட்டும் பேசினால் கையெழுத்திட்டவர்கள் தப்பிவிடுகிறார்கள். கிராமத்தில் 1883-இல் நிறுத்திய கெல்டிக் சிலுவை நினைவுச்சின்னம் சிறியது, வீடுகளுக்கிடையே ஒரு சந்தில். தேடிப் போய்ப் பாருங்கள்; ஒவ்வொரு பிப்ரவரி 13-ஆம் தேதியும் அங்கே மாலை வைக்கிறார்கள்.

நடக்க முடிந்தவர்களுக்கு 'கொர்ரி கவெய்ல்' என்ற மறைபள்ளத்தாக்கு. கீழிருந்து பார்த்தால் அப்படியோர் இடம் இருப்பதே தெரியாது. திருடிய மாடுகளை மெக்டொனால்டுகள் ஒளித்துவைத்த இடம். சாலையோர வண்டி நிறுத்தத்திலிருந்து இறங்கி, ஆற்றுப்பாலம் கடந்து, பாறைகளுக்கிடையே ஏறவேண்டும். போக வர நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். மேலே ஓரிடத்தில் ஓடையைக் கல்மேல் கல்லாகத் தாண்டவேண்டும், மழைக்குப் பிறகு வழுக்கும். நிறுத்தம் காலை பத்துக்கெல்லாம் நிரம்பிவிடுகிறது. கணுக்கால்வரை கால்சட்டையைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொள்ளுங்கள், பெரணிச் செடியில் உண்ணி இருக்கும். மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை 'மிட்ஜ்' என்ற பொடிக்கொசு. காற்று வீசினால் வராது. காற்று நின்ற மாலையில் முகத்தை மொய்க்கும். தலைக்கு வலை ஐந்து பவுண்டுக்குக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

க்ளென்ஃபின்னனுக்கு ஃபோர்ட் வில்லியத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். எல்லோரும் வருவது 21 வளைவுப் பாலத்துக்காக. 380 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம், உள்ளே இரும்புக் கம்பி இல்லாத வெறும் கான்கிரீட். 'கான்கிரீட் பாப்' என்று பெயர் வாங்கிய ராபர்ட் மெக்கால்பைன் கட்டியது. மல்லெய்க் வரை பாதை திறந்தது 1901-இல். அந்தப் பகுதிப் பாறை உடைக்கக் கடினம், செதுக்க உதவாது. அதை அப்படியே நொறுக்கிக் கான்கிரீட்டில் போட்டதுதான் கெட்டிக்காரத்தனம். கட்டும்போது ஒரு குதிரை வண்டியோடு தூணுக்குள் விழுந்து அங்கேயே புதைந்தது என்று ஊரில் ஒரு கதை. ஓர் ஆய்வாளர் க்ளென்ஃபின்னன் தூண்களில் துளையிட்டுக் கேமரா விட்டுத் தேடினார், இல்லை. பிறகு 2001-இல் அதே பாதையில் இன்னும் மேற்கே லோக் நன் உவாம் பாலத்தின் நடுத்தூணில் குதிரையும் வண்டியும் கிடைத்தன. கதை உண்மை, பாலம்தான் வேறு.

இந்தப் பாலத்தின்மேல் ஓடும் சுற்றுலா நீராவி ரயிலுக்கு நான் முன்பதிவு செய்யவில்லை, இடம் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்திருந்தது. கொஞ்சம் அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த வண்டிக்குள் இருப்பவருக்குப் பாலமோ புகையோ முழுதாகத் தெரியாது. அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டி மிகக் குறைந்த கட்டணத்தில் ஓடுகிறது. மல்லெய்க் நோக்கிப் போகும்போது இடது ஜன்னல் பிடித்தால் லோக் ஷீல் ஏரியும் நினைவுத்தூணும் விரியும். நீராவி வண்டியை வெளியே நின்று பார்ப்பதே நல்லது. காலை வண்டி ஏறத்தாழ பத்தேமுக்காலுக்குப் பாலத்தில் வரும், பருவத்தில் பிற்பகலிலும் ஒன்று. நேரத்தை அந்த வாரமே சரிபாருங்கள். நிலையத்திலிருந்து மேட்டுப் பாதையில் அரை மணி நேரம் நடந்தால் நல்ல இடம் கிடைக்கும். கார் நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பி, சாலையோரம் நிறுத்துகிறவர்களுக்கு அபராதம் விழுகிறது. தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள், வேறு வண்டிகளும் ஓடுகிற பாதை.

ரயில் போனதும் கூட்டம் கலைந்துவிடும். அப்போது ஏரிக்கரைக்கு இறங்குங்கள். 18 மீட்டர்த் தூண், 1815-இல் க்ளெனலடேல் மெக்டொனால்ட் ஒருவர் கட்டியது. உச்சியில் நிற்பவர் இளவரசர் சார்லஸ் என்றுதான் நான் அங்கே கேட்ட எல்லோரும் சொன்னார்கள். இல்லை, பெயரில்லாத ஒரு ஹைலண்ட் வீரர். உள்ளே குறுகலான சுழல் படிகள், மேலே ஆள் நுழையும் துளை. தோள் அகலமானவர்கள் பையைக் கீழே விட்டுவிட்டு ஏறவும். 1745 ஆகஸ்ட் 19 அன்று கிளர்ச்சிக் கொடியை ஏற்ற இளவரசர் இங்கே வந்தபோது அநேகமாக யாருமே இல்லை. மணிக்கணக்கில் காத்திருந்தார். பிற்பகலில் மலைமேல் பைப் இசை கேட்டது: கேமரன் குலத்தலைவர் லோகியெல் சுமார் 700 பேரோடு இறங்கிவந்தார். அந்த ஒருவர் வராமல் இருந்திருந்தால் கொடியே ஏறியிருக்காது. எட்டு மாதம் கழித்து, 1746 ஏப்ரல் 16, கலோடன் போரில் தோற்று எல்லாம் முடிந்தது. இளவரசர் தலைக்கு 30,000 பவுண்டு விலை. ஐந்து மாதம் மலைகளிலும் தீவுகளிலும் ஒளிந்திருந்தார், ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. செப்டம்பர் 20 அன்று லோக் நன் உவாமில் பிரெஞ்சுக் கப்பல் ஏறினார். அந்த இடத்தில் 1956-இல் வைத்த கற்குவியல் சாலையோரம் இருக்கிறது. லோகியெல்லின் அக்னகேரி வீட்டை அரசுப்படை எரித்தது. இரண்டாம் உலகப் போரில் கமாண்டோ படைக்குப் பயிற்சி தந்த இடமும் அதே அக்னகேரிதான்; ஸ்பீன் பிரிட்ஜுக்கு மேலே 1952-இல் திறந்த மூன்று வீரர் வெண்கலச் சிலை அதற்காக.

பென் நெவிஸ் பற்றி நம் ஆட்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். உயரம் 1,345 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே பேருந்தில் போய் டீ குடித்திருக்கிறோம், இது என்ன பெரிய மலை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நடை தொடங்குவது கிட்டத்தட்டக் கடல்மட்டத்தில், ஆகவே 1,300 மீட்டருக்கு மேல் முழுக்கக் காலால் ஏறவேண்டும். வட அட்சரேகை 56-ஐத் தாண்டிய இடம். உச்சியின் ஆண்டுச் சராசரி வெப்பம் உறைநிலையை ஒட்டியே இருக்கிறது, மழை 4,000 மில்லிமீட்டரைத் தாண்டும். இந்தக் கணக்கெல்லாம் எப்படி வந்தது என்பதே ஒரு கதை. 1881 கோடையில் கிளெமென்ட் ராக் என்பவர் தினமும் ஏறி அளவெடுத்தார். அதே நேரத்தில் அவர் மனைவி கீழே கடல்மட்டத்தில் அளவெடுத்தார். 1883-இல் உச்சியில் வானிலை ஆய்வகம் கட்டினார்கள், 1904 வரை மணிக்கொரு முறை அளவு. 1894 செப்டம்பரில் அங்கே இரண்டு வாரம் வேலை பார்க்க வந்த இளைஞர் சி. டி. ஆர். வில்சன், மேகத்தின்மேல் தன் நிழலைச் சுற்றி விழுந்த வண்ண வளையங்களைப் பார்த்து அதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க முயன்றார். அதிலிருந்து பிறந்ததுதான் மேக அறை. அணுத்துகளின் தடம் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது அதில்தான். 1927 நோபல் பரிசு. அந்த ஆய்வகத்துக்குச் சாமான் ஏற்றப் போட்ட குதிரைப்பாதையில்தான் இன்று எல்லோரும் ஏறுகிறோம். 1911-இல் ஹென்றி அலெக்சாண்டர் ஃபோர்ட் மாடல் டி காரையே மேலே ஓட்டிப்போனார். ஊருக்குள் அதற்கு வெண்கலச் சிலை இருக்கிறது.

போக வர 16, 17 கிலோமீட்டர், ஏழு முதல் ஒன்பது மணி நேரம். க்ளென் நெவிஸ் வரவேற்பு மையத்தில் காலை ஏழு, ஏழரைக்குத் தொடங்குங்கள். 570 மீட்டரில் ஒரு சிறு ஏரி வரும், அதுதான் நேர்மையான பாதி வழி. அதைத் தாண்டிச் செவ்வோடை, பிறகு வளைந்து வளைந்து ஏறும் சரளைப் பாதை. மே மாதக் கடைசியிலும் உச்சி மேட்டில் பனி கிடந்தது. செவ்வோடைக்குச் சற்று மேலே மேகம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, கைவிரல் மரத்துவிட்டது, நான் திரும்பினேன். அன்று சாயங்காலம்வரை என்மேலேயே கோபம். பிறகு உச்சியின் வரைபடத்தைப் பார்த்தேன்: வடக்கே 700 மீட்டர்ச் செங்குத்து, தெற்கே ஐவிரல் ஓடை என்ற பள்ளம், நடுவில் ஒரு குறுகல். இறங்கும்போது மேகத்தில் வழி தவறுகிறவர்கள் சேரும் இடம் இந்த இரண்டில் ஒன்று. அளவைத் தூணிலிருந்து வரைபடக் கோணம் 231 பாகையில் 150 மீட்டர், பிறகு 282 பாகை; திசைகாட்டியில் இதை வைத்து நடக்கத் தெரியாதவர்கள் மேகம் மூடினால் மேலே போகவேண்டாம். கைபேசி குளிரில் சட்டென்று அணைந்துவிடும், காகித வரைபடம் வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. கையுறை கோடையிலும் வேண்டும்.

கடைசியாக, யாருமே போகாத க்ளென் ராய். கார் இல்லையென்றால் ராய்பிரிட்ஜிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் நடை, அல்லது டாக்சி. மலைச்சரிவில் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி மூன்று கிடைக்கோடுகள், 350, 325, 260 மீட்டர் உயரங்களில், பள்ளத்தாக்கின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில். ஃபின் என்ற வீரர் வேட்டைக்குப் போட்ட சாலைகள் என்பது பழங்கதை; பெயரும் 'இணைச் சாலைகள்'. 1838-இல் சார்லஸ் டார்வின் வந்து பார்த்துவிட்டு, இவை பழைய கடற்கரைகள் என்று எழுதினார். சிலியில் நிலம் கடலிலிருந்து உயர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர், இங்கேயும் அதையே பார்த்தார். இரண்டு வருடத்தில் பனியாறுகளை ஆராய்ந்த லூயி அகாசி வந்து, பனியாறு கீழ்வாயை அடைத்ததால் தேங்கிய ஏரியின் கரைகள் இவை என்றார். அவர் சொன்னதுதான் சரி. பனி நகர நகர நீர் வெவ்வேறு கணவாய் வழியே வழிந்தது, ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு கோடு. டார்வின் பின்னாளில் அதைத் தன் பெருந்தவறு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நண்பகல் வெயிலில் கோடுகள் மங்கித் தெரியும். மாலைச் சாய்வெயிலில் போங்கள். மே மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

பனேவியில் எட்டு மதகுத் தொட்டிகளை அடுக்கிப் படகைப் படியேற்றும் பொறியாளர் டெல்ஃபோர்டின் கலிடோனியன் கால்வாய்க்கு ஒரு மணி நேரம் போதும். படகு வராத நேரத்தில் வெறும் கதவுகள்தான்.

திரும்பும் ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் கவலையில்லை. கிரையன்லாரிக்கில் ஓபன் பாதியைக் கோத்து ஒரே வண்டியாகக் கிளாஸ்கோ போகிறது. கோக்க நேரமாகும், நடைமேடையிலேயே டீக்கடை உண்டு. கதவு மூடுமுன் ஏறிவிடுங்கள்.